கீமோவுக்கு அப்புறம் கை கால் மரத்துப்போச்சா? நரம்பையும் மனசையும் சேர்த்தே பார்த்துக்கறது எப்படி

கீமோ முடிஞ்சிடுச்சு, ஸ்கேன் நல்லபடியா வந்துடுச்சு, வீட்ல எல்லாரும் வேண்டுதல் எல்லாம் நிறைவேத்தியாச்சு, ஆனா உங்களுக்கு மட்டும் பாதம் எரியுது, விரல் நுனி மரத்துக்கிடக்கு, நைட்டு தூக்கம் இல்ல, யார்கிட்டயாவது சொன்னா "அதான் பெரிய கண்டத்துல இருந்து தப்பிச்சாச்சே, இது என்ன"ன்னு ஒரே வரில முடிச்சிடறாங்க. இந்த நிலைமைல இருக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். நானும் பேக்ளிடாக்சல் போட்டுக்கிட்டவதான், மார்பகப் புற்றுநோய்க்கு. நான் முக்கியமா சொல்ல வர்றது ஒண்ணுதான்: கால் மரத்துப்போறதும் மனசு விட்டுப்போறதும் ரெண்டு தனித்தனி பிரச்சனைன்னு நினைச்சு ஒண்ணை டாக்டர்கிட்டயும் இன்னொண்ணை தலையணைகிட்டயும் சொல்லாதீங்க, ரெண்டையும் ஒரே ரிவ்யூல, ஒரே மூச்சுல சொல்லுங்க.

முதல்ல இது ஏன் வருதுன்னு கொஞ்சம் தெரிஞ்சா பயம் பாதி குறையும். கால் விரலுக்கு உணர்ச்சி கொடுக்கற நரம்பு செல்லு முதுகுத்தண்டு பக்கத்துல இருக்கு, அதுல இருந்து ஒரே இழையா கட்டைவிரல் வரைக்கும் நீண்டு வருது, பெரியவங்களுக்கு கிட்டத்தட்ட 1 மீட்டர் நீளம். அந்த இழைக்குத் தேவையான சத்தெல்லாம் உள்ளுக்குள்ள இருக்கற நுண்குழாய் வழியாத்தான் நுனி வரைக்கும் போகணும். பேக்ளிடாக்சல், டோசிடாக்சல் மாதிரி மருந்துங்க புற்று செல்லு பிரியாம தடுக்கறதே இந்த நுண்குழாயைப் பிடிச்சு வச்சுத்தான், அதனால நரம்பும் சேர்ந்து அடி வாங்குது. நீளமான நரம்புக்கு முதல் அடி, அதான் கால் விரல்ல ஆரம்பிச்சு மேல ஏறுது, அப்புறம் கை விரல், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, சாக்ஸும் கிளவுஸும் போடற இடம் வரைக்கும். சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் வேற வழில கெடுக்கும், அதுங்க முதுகுத்தண்டு ஓரத்துல இருக்கற நரம்பு செல்லுலயே போய்த் தங்கிடும். ரத்தப் புற்றுல குழந்தைங்களுக்குப் போடற வின்கிறிஸ்டின், மைலோமாங்கற எலும்பு மஜ்ஜை புற்றுக்கு போடற போர்டிசோமிப், தாலிடோமைட் எல்லாமே இந்த லிஸ்ட்ல வரும். போர்டிசோமிப்பை ரத்தக்குழாய்ல ஏத்தறதை விட தோலுக்கு அடியில போட்டா பாதிப்பு குறைவுன்னு 2011லயே காட்டிட்டாங்க, இன்னும் ரத்தக்குழாய் வழியா போடறாங்கன்னா ஏன்னு கேட்கலாம், தப்பில்ல.

எவ்வளவு நாள் இருக்கும்? எல்லாரும் முதல்ல கேட்கறது இதைத்தான். 2014ல 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்புல, கீமோ முடிஞ்ச முதல் மாசத்துல 68 சதவீதம் பேருக்கு இது இருந்துச்சு, 3 மாசத்துல 60, 6 மாசமும் அதுக்கு மேலயும் ஆனவங்கள்ல 30 சதவீதம். அதாவது நாள் போகப்போக குறையறவங்கதான் அதிகம், ஆனா ஒரு கூட்டத்துக்கு வருஷக்கணக்குல நிக்குது, அது உங்க மனவலிமை கம்மிங்கறதால இல்ல. இன்னொண்ணு, சிஸ்பிளாட்டினும் ஆக்ஸாலிபிளாட்டினும் போட்டவங்களுக்கு மருந்தை நிறுத்தின பிறகும் சில மாசம் கூடிக்கிட்டே போகும், அப்புறம்தான் நிக்கும். இது தெரியாம "முடிஞ்ச அப்புறம் ஏன் ஜாஸ்தியாகுது, நோய் திரும்பிடுச்சோ"ன்னு நடுராத்திரி உட்கார்ந்து அழறவங்க நிறைய. டாக்டர்கிட்ட சொல்லணும்தான், ஆனா இது அந்த மருந்தோட தெரிஞ்ச குணம்.

கீமோ இன்னும் ஓடிக்கிட்டு இருக்குன்னா இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிங்க. மரமரப்பை மறைக்காதீங்க. சொன்னா டோஸைக் குறைச்சிடுவாங்க, குறைச்சா நோய் திரும்பிடும்னு பயந்து வாயைத் திறக்காம இருக்கறவங்க அதிகம், அந்தப் பயம் எனக்கும் நல்லாவே தெரியும். ஆனா டோஸைக் குறைக்கறதா, தள்ளிப்போடறதா, மருந்தை மாத்தறதா, அப்படியே தொடரலாமான்னு லாப நஷ்டம் பார்த்து முடிவெடுக்கறது டாக்டரோட வேலை, அதுக்கு அவருக்கு விஷயம் தெரியணும். 3ம் நிலை பெருங்குடல் புற்றுக்கு ஆக்ஸாலிபிளாட்டின் 6 மாசம் போடறதுக்குப் பதிலா 3 மாசம் போதுமான்னு 12,000 பேருக்கு மேல வச்சுப் பார்த்து 2018ல வெளியிட்டாங்க, ரிஸ்க் கம்மியா இருந்தவங்களுக்கு, முக்கியமா கேப்சிடபின் மாத்திரையோட சேர்த்துப் போட்டவங்களுக்கு, 3 மாசமே கிட்டத்தட்ட அதே பலன் கொடுத்துச்சு, நரம்பு பாதிப்பு ரொம்பவே குறைஞ்சுது. எல்லாருக்கும் இது பொருந்தாது, ஆனா குறைச்சாலே ஆபத்துன்னு நீங்களா முடிவு கட்டாதீங்கன்னு சொல்றதுக்காக சொல்றேன்.

சொல்றப்ப எப்படி சொல்றதுன்னு ஒரு விஷயம் இருக்கு. "கொஞ்சம் மரத்துப்போகுது சார்"னு சொன்னா ஃபைல்ல ஒரு வரில போயிடும். டாக்டர்கள் இதை கிரேடு போட்டுப் பார்க்கறாங்க, அந்த கிரேடு நீங்க என்ன வேலை செய்ய முடியல்லங்கறதை வச்சுத்தான். அதனால வேலையை ஒரு சீட்டுல எழுதிட்டுப் போய் சொல்லுங்க. பிளவுஸ் ஹூக் மாட்ட முடியல, ஸ்ட்ரிப்ல இருந்து மாத்திரை பிதுக்க முடியல, சில்லறை எண்ண முடியல, செருப்பு கழண்டது தெரியாமலே நாலு அடி நடந்துட்டேன், போன வாரம் பாத்ரூம்ல தடுமாறிட்டேன், இப்படி. வலியா, எரிச்சலா, மரத்துப்போறதா, அதையும் பிரிச்சு சொல்லுங்க, ஏன்னா வைத்தியம் வேற வேற. எறும்பு ஊர்ற மாதிரி, ஊசி குத்தற மாதிரி, மிளகாய் அரைச்ச கை மாதிரி, பஞ்சு மேல நடக்கற மாதிரி, உங்களுக்கு எது வாயில வருதோ அதையே சொல்லலாம், அவங்களுக்குப் புரியும். கூடவே எழுந்து நின்னா தலை சுத்துதா, மலச்சிக்கல் இருக்கா, காதுல இரைச்சல் கேட்குதா, இதெல்லாம் சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க.

ரிவ்யூ வரைக்கும் காத்திருக்கவே கூடாத சிலது உண்டு. கால் திடீர்னு பலம் இழந்து போகுது, யூரின் மோஷன் கன்ட்ரோல் போகுது இல்ல யூரின் வரவே மாட்டேங்குது, புதுசா கடுமையான முதுகுவலியோட கால் துவளுது, ஒரு பக்கம் மட்டும் கை கால் இழுக்குது, வாய் கோணுது, இதுல எது வந்தாலும் அது கீமோ மரமரப்புன்னு நினைச்சு வீட்ல இருக்காதீங்க, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி, 108.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். மரத்துப்போறதைத் திருப்பிக் கொண்டு வர்ற மாத்திரைன்னு உறுதியா எதுவும் இல்ல. வலிக்கு மட்டும் டூலோக்சிடின்னு ஒண்ணு இருக்கு, 2013ல வந்த ஆய்வுல அதை சாப்பிட்டவங்கள்ல 59 சதவீதம் பேருக்கு வலி கொஞ்சமாவது குறைஞ்சுது, மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 38. அமெரிக்க புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2014லயும் 2020லயும் கொடுத்த வழிகாட்டுதல்ல, ஏற்கனவே வந்துட்ட நரம்பு வலிக்குப் பரிந்துரைச்ச ஒரே மருந்து இதுதான். இது மனச்சோர்வுக்கும் கொடுக்கற மாத்திரைதான். கூகுள்ல தேடிப் பார்த்துட்டு "என்னை பைத்தியம்னு நினைச்சு எழுதிட்டாங்க"ன்னு தூக்கிப் போட்டவங்க இருக்காங்க, அப்படி இல்ல, வலிக்கும் மனசுக்கும் உடம்புல ஓடற ரசாயனம் சில இடத்துல ஒண்ணுதான், அதனாலதான் ஒரே மாத்திரை ரெண்டு பக்கமும் வேலை பார்க்குது. டாமோக்சிஃபன் சாப்பிடறவங்க அதை கட்டாயம் சொல்லணும், ஏன்னா டாமோக்சிஃபன் உடம்புல வேலை செய்யற விதத்துல டூலோக்சிடின் குறுக்க வரலாம். கல்லீரல் பிரச்சனை, கண்ல பிரஷர் இருந்தாலும் சொல்லிடுங்க. ஆரம்பத்துல குமட்டல், வாய் வறட்சி, தூக்கக் கலக்கம் வரும், நீங்களா திடீர்னு நிறுத்தக் கூடாது, படிப்படியாத்தான் குறைக்கணும். பிரிகாபாலின், காபாபென்டின் நிறைய பேருக்கு எழுதறாங்க, சிலருக்கு கேட்குது, ஆனா கீமோ நரம்பு வலிக்கு அதுக்கு இருக்கற ஆதாரம் கம்மி, தலை சுத்தலும் மயக்கமும் வர்றதால ஏற்கனவே தடுமாறற காலுக்கு அது இன்னும் ஆபத்து, முதல் வாரம் நைட்டு எழுந்திருக்கறப்ப பார்த்து எழுந்திரிங்க.

"நரம்புக்கு சத்து மாத்திரை"ன்னு மெடிக்கல் ஷாப்ல தானா வாங்கி சாப்பிடறதை தயவு செஞ்சு நிறுத்துங்க. பி12 குறைஞ்சிருந்தா அதுவே மரமரப்பு கொடுக்கும், சைவம் மட்டும் சாப்பிடறவங்களுக்கும் சுகருக்கு மெட்ஃபார்மின் எடுக்கறவங்களுக்கும் குறைய வாய்ப்பு அதிகம், அதனால ரத்தத்துல பார்த்துட்டு குறைஞ்சிருந்தா எடுத்துக்கோங்க. ஆனா பி6 அதிக டோஸ்ல ரொம்ப நாள் போனா அதுவே நரம்பைக் கெடுக்கும். அசிட்டைல்-எல்-கார்னிட்டின்னு ஒண்ணு பல கூட்டு மாத்திரைல இருக்கும், மார்பகப் புற்றுக்கு டாக்சேன் வகை மருந்து (பேக்ளிடாக்சல், டோசிடாக்சல் மாதிரி) போட்ட பெண்களுக்கு நரம்பைக் காப்பாத்தும்னு கொடுத்துப் பார்த்தாங்க, 2013ல முடிவு வந்தப்ப அது பாதிப்பை அதிகமாக்கியிருந்துச்சு. அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்க. சுகர் இருக்கறவங்க மூணு மாச சராசரி சுகரைக் கட்டுக்குள்ள வைங்க, நம்ம ஊர்ல நிறைய பேருக்கு எது சுகரால வந்தது எது கீமோவால வந்ததுன்னு பிரிக்கவே முடியாத அளவுக்கு ரெண்டும் கலந்திருக்கு. குடிப்பழக்கம் இருந்தா அதுவும் நரம்பைத்தான் அடிக்கும்.

இப்ப வீடு. உணர்ச்சி இல்லாத காலுக்கு வலி இல்ல, வலி இல்லாததுதான் ஆபத்து. சூடு தண்ணிய கால்ல ஊத்திப் பார்க்காதீங்க, முழங்கைய விட்டுப் பாருங்க இல்ல வீட்ல வேற யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. எரியுதேன்னு ஹாட் வாட்டர் பேக் ஒத்தடம் வச்சுட்டு அப்படியே தூங்கிப்போய் காலைல கொப்புளத்தோட எழுந்திரிக்கறது ரொம்ப சகஜம், மரத்த இடத்துல ஒத்தடமே வேண்டாம். ஆக்ஸாலிபிளாட்டின் போட்ட நாள்ல இருந்து சில நாளைக்கு ஃபிரிட்ஜைத் தொட்டாலே விரல்ல கரண்ட் அடிக்கும், ஐஸ் தண்ணி குடிச்சா தொண்டை இறுக்கும், அப்ப வெதுவெதுப்பான தண்ணி மட்டும், ஃபிரிட்ஜ்ல இருந்து எடுக்கறதை வேற ஆளு எடுக்கட்டும். வீட்டுக்குள்ளயும் செருப்புப் போடுங்க, பின்னாடி வார் இருக்கற மாதிரி, சுகர்காரங்க போடற மெத்துனு ரப்பர் வச்ச எம்சிஆர் செருப்பு இதுக்கும் நல்லா இருக்கும், கழட்டி மாட்டற ஹவாய் செருப்பு வேண்டாம், அது எப்ப கழண்டதுன்னே தெரியாது.

ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பாதத்தைப் பார்க்கறதை பல் தேய்க்கற மாதிரி வழக்கமாக்குங்க. குனிய முடியலன்னா கண்ணாடியைத் தரையில வச்சு மேல பாதத்தைக் காட்டுங்க, விரல் இடுக்கு, மெட்டி போடற இடம், குதிகால் வெடிப்பு, எல்லாம். சிவப்பு, கொப்புளம், முள்ளு குத்தின புள்ளி எது இருந்தாலும் மறுநாளே காட்டுங்க. கால் வீங்கி மெட்டி இறுகியிருந்தா கழட்டி வச்சுடுங்க, அதுக்கு வீட்ல யாராவது ஏதாவது சொன்னா டாக்டர் சொன்னாருன்னு சொல்லிடுங்க. கோயிலுக்குப் போறதைப் பத்தி யாரும் எழுதறதில்ல. மத்தியான வெயில்ல பிரகாரத்து கல்லு கொதிக்கும், நல்ல கால் இருக்கறவங்க தாவித்தாவி ஓடறாங்க, நமக்கு சூடே தெரியாம நிதானமா சுத்திட்டு வருவோம், வீட்டுக்கு வந்து பார்த்தா பாதம் வெந்திருக்கும். விடிகாலைலயோ சாயங்காலம் கல்லு ஆறினதுக்கு அப்புறமோ போங்க, கெட்டியான சாக்ஸ் போட்டுக்கோங்க. கீமோ முடிஞ்சா திருவண்ணாமலை கிரிவலம் வெறுங்கால்ல வர்றேன்னு வேண்டிக்கிட்டவங்க இருப்பீங்க, அது 14 கிலோமீட்டர், இந்த வருஷம் ஆட்டோல சுத்துங்க, சாமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு.

வாசல்ல கிடக்கற வழுக்கற மிதியடியை எடுத்துடுங்க, பாத்ரூம்ல கைப்பிடி ஒண்ணு அடிங்க, நைட் லேம்ப் எரியட்டும், ஏன்னா கால் சொல்லாததை கண்ணுதான் சொல்லணும், இருட்டுல ரெண்டும் இல்லாம போயிடும். புற்றுநோய்ல இருந்து மீண்ட பெண்கள் 512 பேரை வச்சு 2017ல வந்த ஒரு ஆய்வுல, சிகிச்சை முடிஞ்சு சராசரியா 6 வருஷம் ஆனப்பகூட 47 சதவீதம் பேருக்கு இந்த அறிகுறி இருந்துச்சு, அவங்க விழற வாய்ப்பு மத்தவங்களை விட 1.8 மடங்கு. வண்டி ஓட்டறவங்க பிரேக் அழுத்தறது பாதத்துக்குத் தெரியுதான்னு நேர்மையா பாருங்க, தெரியலன்னா சாவியைக் கொடுத்துடுங்க, இப்போதைக்கு.

உடற்பயிற்சி மாத்திரையை விட மேலன்னு எனக்குத் தோணுது, குறிப்பா தடுமாற்றத்துக்கு. சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்க, சுவர் ஓரமா ஒரு காலுக்கு நேர் முன்னாடி இன்னொரு காலை வச்சு நடங்க, பிடிச்சுக்கிட்டே ஒத்தைக் கால்ல நில்லுங்க, தரைல துண்டைப் போட்டு விரலால சுருட்டுங்க. கைக்கு, சப்பாத்தி மாவு பிசையறது அருமையான பயிற்சி. ஒரு கிண்ணத்துல அரிசியைக் கொட்டி அதுல கொண்டைக்கடலையும் பட்டன் நாலும் போட்டு கண்ணை மூடிக்கிட்டு தேடி எடுங்க, முதல்ல எரிச்சலா இருக்கும், போகப்போக விரல் கொஞ்சம் கொஞ்சமா கண்டுபிடிக்க ஆரம்பிக்கும். பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை நேர்ல பார்த்துச் சொல்லிக்கொடுத்தா இன்னும் நல்லது, தமிழ்நாட்டுல 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோவும் வலி தணிப்பும் வீட்டுக்கே வருது, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

இப்ப மனசு. வலி இருந்தா தூக்கம் போகுது, தூக்கம் போனா வலி இன்னும் பெருசா தெரியுது, விழுந்துடுவோம்னு பயந்து வெளிய போறது நிக்குது, நடக்காததால கால் இன்னும் பலம் போகுது, யாரையும் பார்க்காததால மனசு இன்னும் சுருங்குது. இது ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டே போறதால எங்கயாவது ஒரு இடத்துல கை வச்சாலும் மத்ததும் கொஞ்சம் இளகும், அதான் நம்பிக்கையான விஷயம். கூடவே ஒவ்வொரு ஸ்கேன் தேதி நெருங்கறப்பவும் வயித்தைப் பிசையற பயம், காலைல ஒரு புது வலி வந்தா "அதுதானோ"ங்கற நினைப்பு, உயிரோட இருக்கறதுக்கு நன்றியா இருக்காம குறை சொல்றோமேங்கற குற்ற உணர்ச்சி. இந்தக் கடைசி ஒண்ணை நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன். உயிர் பிழைச்சதுக்கு சந்தோஷப்படறதும் கால் எரியறதுக்கு அழறதும் ஒரே ஆளு ஒரே நாள்ல செய்யலாம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா டெய்லர். இருபது வருஷத்துக்கு மேல மெஷின்ல உட்கார்ந்தவங்க, கீமோவுக்கு அப்புறம் ஊசில நூல் கோக்க முடியல, துணி நுனி விரலுக்குத் தெரியல, ரெண்டு தடவை விரல்லயே தச்சுக்கிட்டாங்க. வீட்ல "போதும், ரெஸ்ட் எடு, நாங்க சம்பாதிக்கறோம்"னு அன்பாத்தான் சொன்னாங்க, ஆனா அவங்களுக்குப் போனது சம்பளம் மட்டும் இல்லயே. மெஷினைத் துணி போட்டு மூடினதுல இருந்து அவங்க பேச்சே குறைஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரில கவுன்சிலர்கிட்ட உட்கார்ந்து பேசினப்பத்தான் அளவு எடுக்கறது, கட்டிங் மார்க் பண்றது, டிசைன் சொல்றது இதெல்லாம் கையில இன்னும் இருக்குன்னு வெளிய வந்துச்சு, இப்ப ரெண்டு பொண்ணுங்களுக்கு சொல்லிக்கொடுக்கறாங்க, தைக்கறது அந்தப் பொண்ணுங்க. விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கு. நீங்களும் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க, எது போச்சு, எது பாதி இருக்கு, எதை வேற ஆளு கையை வச்சு செய்யலாம். முழுசா விட்டுடறதுக்கு முன்னாடி இந்த மூணாவது வரிசைக்கு கொஞ்சம் நேரம் கொடுங்க.

எப்ப உதவி கேட்கணும்னு கேட்டா, ரெண்டு வாரமா பெரும்பாலான நாள் மனசு இறங்கியே இருக்கு, இல்ல பிடிச்ச எதுலயும் ஆர்வமே இல்ல, இந்த ரெண்டுல ஒண்ணு இருந்தாலே போதும். இன்னொரு சுலபமான வழி, 0ல இருந்து 10 வரைக்கும் இந்த வாரம் எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு ஒரு நம்பர் போடுங்க, புற்றுநோய் ஆஸ்பத்திரிகள்ல இதை ஒரு தெர்மாமீட்டர் படமா வரைஞ்சு கேட்பாங்க, 4 இல்ல அதுக்கு மேல வந்தா பேசணும்னு கணக்கு. அந்த நம்பரை ரிவ்யூ சீட்டுல மரமரப்பு பத்தி எழுதினதுக்குக் கீழயே எழுதுங்க. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல சைக்கோ-ஆன்காலஜிக்குன்னே, அதாவது புற்றுநோய் வந்தவங்களோட மனசைப் பார்த்துக்கறதுக்குன்னே, தனி டிபார்ட்மென்ட் இருக்கு, மத்த பெரிய ஆஸ்பத்திரிகள்லயும் கேட்டா அனுப்புவாங்க, கேட்காம யாரும் அனுப்ப மாட்டாங்க, கூட்டம் அப்படி. அரசு மாவட்ட தலைமை மருத்துவமனைல மனநல டாக்டர் இருப்பாரு. நேர்ல போக முடியலன்னா டெலி மானஸ், 14416, 2022ல மத்திய அரசு ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். செத்துப்போயிருக்கலாமேங்கற நினைப்பு வந்தா அதை ரிவ்யூ தேதிக்காக வச்சிருக்காதீங்க, அன்னைக்கே பக்கத்துல இருக்கற ஒருத்தர்கிட்ட வாய் விட்டு சொல்லுங்க, தனியா இருக்காதீங்க, அந்த நம்பருக்குப் பேசுங்க, ஆபத்துன்னு தோணினா 108 இல்ல பக்கத்து ஆஸ்பத்திரி, வீட்ல சேர்ந்து கிடக்கற மாத்திரையை எல்லாம் வேற ஆளு எடுத்து வைக்கட்டும்.

தூக்கத்துக்கு ரெண்டு மூணு சின்ன விஷயம். போர்வை பட்டாலே விரல் எரியும்னா கால் பக்கம் ரெண்டு ஓரத்துலயும் தலையணை வச்சு போர்வையைத் தூக்கி விடுங்க, பாதத்துல படாம இருக்கும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்திரிங்க. வலி மாத்திரையை எந்த நேரத்துக்குப் போட்டா ராத்திரிக்கு உதவும்னு டாக்டர்கிட்ட கேளுங்க. நடுராத்திரி போனை எடுத்து நோய் பத்தித் தேடறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கூட இருக்கறவங்களுக்கும் கொஞ்சம். "அதான் சரியாயிடுச்சே"ங்கற வார்த்தையை விட்டுடுங்க, அதுக்குப் பதிலா "இன்னைக்கு கால் எப்படி இருக்கு"ன்னு கேளுங்க, அவ்வளவு போதும். அவங்க மெதுவா ஹூக் மாட்டிக்கிட்டு இருந்தா பிடுங்கி மாட்டி விடாதீங்க, கேட்டா செய்ங்க. வெங்காயம் நறுக்கறது, கொதிக்கற குக்கரை இறக்கறது, சூடான தோசைக்கல்லு, இதை மட்டும் கேட்காமலே வாங்கிக்கோங்க. குழந்தைக்கு வின்கிறிஸ்டின் போயிருந்தா ஓடறப்ப அடிக்கடி தடுக்கி விழறது, படி ஏற மறுக்கறது, பாதம் தொங்கறது, தாடை வலிக்குதுங்கறது, இதையெல்லாம் அடம்னு நினைச்சுத் திட்டாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஸ்கூல் பி.டி. சார்கிட்டயும் சொல்லி வைங்க. ரிவ்யூக்கு கூடப் போறவங்க அந்த சீட்டைக் கையிலயே வச்சிருங்க, உள்ள போனதும் "நல்லா இருக்கேன் டாக்டர்"னு அவங்க சொல்லிட்டு எழுந்திரிக்கப் பார்ப்பாங்க, அப்ப நீங்க அதை எடுத்து மேஜை மேல வைங்க.